கச்சான் இன்னும் வரல சார்

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு நல்ல மனிதரை வாரக்கணக்கில் ஏமாற்றுவது சாதாரண ஆட்களால் முடிகிற காரியமில்லை. அதற்குச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்காக சண்டே ஸ்கூல் போயிருக்க வேண்டும். நான் போயிருக்கிறேன். நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் சொந்த அப்பாவிடமே தமிழ் படித்தவன் நான். (வகுப்பில் 'ஐயா', வீட்டில் 'அப்பா'. மாற்றிக் கூப்பிட்டால் இரண்டு இடத்திலும் அடி.) பொய் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்குக் காது சிவந்துவிடும். அதனால் உண்மையைச் சொல்லியே ஊரைக் கெடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்காக லாரி லாரியாகக் கல்லைக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் பாலிடெக்னிக் ஒன்றில் நான் மெக்கானிக்கல் கடைசி வருடம். அந்த வருடம் ஏதோ ஸ்டிரைக்கில் பரீட்சைகள் எல்லாம் தள்ளிப்போய், ப்ராஜெக்ட் வைகாசி மாதம் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. மற்ற டீம்கள் புத்திசாலித்தனமாகத் தேங்காய் உரிக்கும் எந்திரம், கம்பி வளைக்கும் எந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். தேங்காயும் கம்பியும் சொன்ன இடத்தில் இருக்கும். நாங்கள் எடுத்தது காற்றின் வேகத்தை அளக்கும் கருவி.

டீமுக்கு நாலு பேர் என்பது விதி. எங்கள் டீமில் நாலாவதாக இருந்தவன் ரயில்வேயில் வேலை கிடைத்துப் பாதியிலேயே போய்விட்டான். மிச்சம் மூன்று பேர். ஒன்று நான், சாமுவேல். இன்னொருவன் இஞ்ஞாசி, புன்னைக்காயலில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த குடும்பம். மூன்றாமவன் சிவபெருமாள். அவன் அப்பா தூத்துக்குடியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கருவியின் பாதி அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. (கடைக்கார அண்ணாச்சிக்குத் தெரியாமல் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கருவி இதுதான்: நாலு எவர்சில்வர் குழிக்கரண்டிகளைக் கூட்டல் குறி மாதிரி ஒரு சைக்கிள் ஹப்பில் முடுக்கியிருந்தோம். காற்று குழியில் அடித்தால் கரண்டிகள் சுற்றும். ஹப்பின் அச்சு கீழே ஒரு சைக்கிள் டைனமோவைச் சுற்றும். டைனமோ தருகிற கரண்ட்டை வோல்ட் மீட்டரில் பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். தாளில் அருமையாக வேலை செய்தது. மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றுவதற்கு மனிதன் மூச்சுவாங்க மிதிக்க வேண்டியிருக்கிறது, சித்திரை மாதத்துக் கடற்காற்று எப்படிச் சுற்றும் என்று எங்களில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இஞ்ஞாசிதான் வானத்தைப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்தான்.

"கச்சான் வரணும்லே. கச்சான் வந்துட்டுன்னு வச்சிக்கோ, கரண்டி என்ன, இந்தக் கட்டடமே சுத்தும்."

கச்சான் என்பது எங்கள் கடற்கரையில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்குப் பெயர். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் இங்கே தனிப் பெயர் உண்டு. வைகாசி முடிகிற சமயத்தில் கச்சான் கிளம்பி, தேரிக்காட்டுச் செம்மணலையெல்லாம் வாரிக்கொண்டு, பனைகளைக் கிழக்கே சாய்த்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் சோற்றை மூடி வைத்துச் சாப்பிட வேண்டும்.

மூளையுள்ளவன் என்றால் டைனமோவைக் கழற்றிவிட்டு இலேசாகச் சுற்றுகிற ஒன்றை மாட்டுவான். நாங்கள் எதிர்கால இன்ஜினியர்கள். கருவியை மாற்றுவதற்குப் பதிலாகப் பெரிய காற்று வரும் வரை காத்திருப்பது என்று ஒருமனதாக முடிவு செய்தோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கைடு நீண்ட லீவில் போக, அவர் இடத்துக்கு வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் ஏழுமலை சார். குட்டையான மனிதர், பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு டீமும் தன் முன்னால் வந்து நின்று அந்த வாரப் புராக்ரஸைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். வேலூரில் காற்றுக்குப் பெயர் வைக்கிற அளவுக்குக் காற்று அடிப்பதில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

முதல் வெள்ளிக்கிழமை.

"இன்னாப்பா, சுத்துதா?"

"கையால சுத்துனா சுத்துது சார்" என்றான் சிவபெருமாள்.

"கையால சுத்துனா ஆட்டுக்கல்லுகூடத்தான் சுத்தும். ஏன் லேட்டு?"

நான் உள்ளதைச் சொன்னேன். "கச்சான் இன்னும் வரல சார்."

சார் எங்களை ஒரு தடவை எண்ணினார். டீமுக்கு நாலு பேர். நிற்பது மூன்று பேர். அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

"போன வாரமாவது வந்தானா?"

இந்த இடத்தில் தமிழ்மொழியைக் குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'வரல' என்றால் மாடும் வரல, மழையும் வரல, மாமாவும் வரல. அது யாரைச் சொல்கிறது என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்குக் கச்சான் என்ற பெயர், மாடன், முத்தன் மாதிரி ஒரு 'ஆன்' போட்டுக்கொண்டு ஆம்பிளையாகவே நிற்கிறது. சார் 'வந்தானா' என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. "சார், அது காத்து" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர், "ஒருத்தன் வரலேன்னா நீங்க மூணு பேரும் இன்னாதான் பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிப் புராக்ரஸ் தாளில் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். எங்களை 'பாவம்' என்று சொன்ன முதல் வாத்தியார் அவர்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் இஞ்ஞாசி வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏலே, தப்புலே. வார வெள்ளி சொல்லிருவோம்."

சிவபெருமாள் வியாபாரி மகன். நிதானமாகக் கேட்டான்: "நீ என்ன பொய்யா சொன்ன? கச்சான் வந்துட்டா?"

"வரல."

"வரலன்னுதான சொன்ன? அப்புறம் என்ன?"

இதற்கு சண்டே ஸ்கூலில் பதில் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே மூன்று பேரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சாரிடம் கச்சானைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது. சொல்லுகிற ஒவ்வொரு வார்த்தையும் காற்றுக்குப் பொருந்த வேண்டும். இந்தச் சட்டம் என் மனசாட்சிக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. (இப்போது நினைத்தால் அந்த மனசாட்சியை இரண்டு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.)

அடுத்த வெள்ளி சாரே ஆரம்பித்தார். "அவனுக்கு எந்த ஊரு?"

"மேக்க இருந்து வரணும் சார்" என்றான் இஞ்ஞாசி.

"மேக்கன்னா, ஸ்ரீவைகுண்டமா?"

"அதுக்கும் மேக்க சார். மலைக்கு அங்கன இருந்து."

"அடேங்கப்பா. அவ்ளோ தூரத்துல இருந்து தினம் வரணுமா?"

"தினம் வந்தா ஊரு தாங்காது சார்."

சார் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஸ் வசதி சரியில்லை என்று எடுத்துக்கொண்டார். மறுபடியும் 'திருப்தி'.

அதற்கடுத்த வெள்ளி. "ஆளு எப்படி? வேலை தெரிஞ்சவனா?"

"பயங்கர வேகம் சார்" என்றேன். எனக்கே ருசி பிடித்துவிட்டது. "வந்தான்னா ஒரே நாளுல எல்லாத்தையும் சுத்த விட்டுருவான்."

"குணம்?"

"கோவம் ஜாஸ்தி சார்" என்றான் இஞ்ஞாசி. "போன வருசம் எங்க ஊருல ரெண்டு வள்ளத்தக் கவுத்துட்டான். கூரையெல்லாம் பிச்சி எறிஞ்சிட்டான்."

சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "ரவுடிப் பையனா? போலீஸ்ல புடிக்கலியா?"

"பிடிக்க முடியாது சார்."

அந்த வெள்ளிக்கிழமைகளுக்காகவே நாங்கள் வாரம் முழுக்க வாழ்ந்தோம். கருவியில் ஒரு திருகுகூடப் புதிதாக முடுக்கவில்லை. ஆனால் கச்சானைப் பற்றிய புராக்ரஸ் பிரமாதமாகப் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலமானால் உப்பளத்துப் பக்கம் நடந்துபோய், நாளைக்குச் சொல்ல வேண்டிய உண்மைகளைத் தயார் செய்வோம். "மரியாதை தெரியாதவன், யாரு தலைத்துண்டையும் பறிச்சிருவான்னு சொல்லுவமாலே?" "பொண்ணுங்க தாவணிய இழுப்பான்?" "ஏலே, அது வேண்டாம், டிஸ்மிஸ் பண்ணிருவாரு." சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் படித்ததில்லை.

பிறகு வந்த வெள்ளிக்கிழமையில்தான் மாட்டினோம். சார் கோபமாக மேஜையைத் தட்டினார்.

"இதோ பாரு, இனிமே பேச்சே கெடையாது. அவன் நைனாவை இட்டுனு வரச் சொல்லு."

நைனா என்றால் அப்பா என்று விளங்க எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. சிவபெருமாள் எங்கள் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, கவனமாக உண்மையைச் சொன்னான்.

"அப்பா கிடையாது சார்."

"அம்மா?"

"அம்மாவும் கிடையாது சார். யாருமே கிடையாது."

சாரின் கை மேஜை மேல் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பெரிய குரல் காணாமல் போய்விட்டது.

"எனக்கும் நைனா கெடையாது" என்றார். "சித்தப்பா வூட்டுலதான் வளர்ந்தேன். அப்படி வளர்றவனுக்குக் கோவம் வரும்பா. ஒருத்தன் அன்பா கூப்பிட்டா வந்துடுவான். அவனைக் கூப்பிட ஆளில்ல, அதான். நான் அவனை பெயிலாக வுட மாட்டேன்."

வெளியே வந்தோம். இஞ்ஞாசி வேப்பமரத்துப் பக்கம் போகவில்லை. எனக்கு அந்த மனிதரின் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் யோசனை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

வீட்டுக்குப் போனால் கூடத்தில் கட்டுக்கட்டாகக் கல்யாண அழைப்பிதழ். கிரேஸ் அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம். அப்பாவுக்கு அச்சுப்பிழை என்றால் கொலைக்குற்றம். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் திருப்பி அடிக்க அவகாசம் வேண்டும் என்று முன்கூட்டியே அடித்துவிட்டார். எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பிழையில்லை என்று திருப்திப்பட்டு, பக்கத்துச் சர்ச் சேகரங்களுக்கெல்லாம் அனுப்பவும் தொடங்கிவிட்டார். நான் எடுத்துப் பார்த்தேன். கீழே, மணமகளின் தம்பி: 'ஜெ. சாமுவேல், D.M.E.'

"அப்பா, நான் இன்னும் பாஸாகலையே."

"கல்யாணத்துக்குள்ள ஆயிருவல்லா?"

"ஆயிருவேன்."

"பின்ன என்னடே?"

வாழ்நாளில் ஒரு சந்திப்பிழை செய்யாத மனிதர், என்னை நம்பி ஒரு முழுப் பொய்யை அச்சில் போட்டு ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். நான் பாஸானால் அது உண்மை. பெயிலானால் அப்பாவின் பெயர் கெட்டது. திங்கட்கிழமை சாரிடம் போய் 'கச்சான் ஆளில்லை, காற்று' என்று சொன்னால் அந்த மூன்று எழுத்தும் போச்சு. யோசனை கேட்காமலே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

சார் இதற்கிடையே வேகமாக வேலை செய்துகொண்டிருந்தார். பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் தயார் செய்யும்போது எங்களைக் கூப்பிட்டார்.

"கச்சானுக்கு இனிஷியல் இன்னா?"



"தெரியாது சார்" என்றேன். அதுவும் உண்மைதான்.

"நைனா பேருகூடத் தெரியலியா, பாவம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிஷியலுக்கு என் பேரையே போட்டுடறேன்" என்று எழுதினார். ஏ. கச்சான். பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. "சட்டைத் துணி. பரிச்சை அன்னிக்கு நானே அவன் கையில குடுக்கணும்."

நான் அன்றிரவு ஜெபம் செய்தேன். கச்சான் வரக் கூடாது என்று செய்வதா, வர வேண்டும் என்று செய்வதா என்று தெரியவில்லை. வந்தால்தான் கருவி சுற்றும். வராவிட்டால் கருவி சுற்றாது. ஆனால் சார் எதிர்பார்க்கிற கச்சான் 'வரவே' முடியாது. கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பரீட்சை நாள். எக்ஸ்டர்னலாக வந்தவர் துறைமுக வேலையில் இருந்த இன்ஜினியர், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பெரிய மீசை. மொட்டை மாடியில் மேஜை போட்டு, எங்கள் கருவியை நட்டு வைத்திருந்தோம். காலையிலிருந்து ஒரு இலைகூட அசையவில்லை. கரண்டிகள் நாலும் வெயிலில் பளபளவென்று சும்மா நின்றன.

எக்ஸ்டர்னல் பட்டியலை வாசித்தார். "ஜெ. சாமுவேல். சிவபெருமாள். இஞ்ஞாசி. ஏ..." நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏ. கச்சானா?"

ஏழுமலை சார் முன்னால் வந்தார். "சார், அவன் விஷயம் நான் சொல்லணும். நைனா, அம்மா யாரும் இல்லாத புள்ளை. மலைக்கு அந்தாண்டயிருந்து வரணும். கொஞ்சம் முரடன்தான், போன வருஷம்கூட ரெண்டு போட்டைக் கவுத்துட்டான். ஆனா வந்தா வேகமா வேலை செய்வான். தயவு பண்ணி அவனுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்."

எக்ஸ்டர்னலின் மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாகத் துடித்தது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, எந்த ஊரு?"

"நாசரேத்து சார்."

"இந்தக் கச்சான் எந்தப் பக்கம் இருந்துலே வாரான்?"

"மேக்க இருந்து சார்."

"எப்பம் வருவான்?"

"வைகாசிக் கடைசியில சார்" என்றேன்.

"பாத்தீங்களா, சாருக்கே அவனைத் தெரிஞ்சிருக்கு!" என்று ஏழுமலை சாருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அப்போதுதான் மேற்கே வானத்தில் செம்மண் புழுதி எழும்பியது. முதலில் தூரத்துப் பனைகள் தலையைச் சாய்த்தன. பிறகு ஹாஸ்டல் கொடியில் காய்ந்த லுங்கிகள் ஒவ்வொன்றாக எழுந்து பறந்தன. அடுத்த மூச்சில் காற்று மாடிக்கு வந்துவிட்டது. கரண்டிகள் ஒரு தடவை தயங்கி, கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தன. வோல்ட் மீட்டர் முள் எழுந்து நின்றது. எங்கள் கருவி தானாகச் சுற்றி நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நாலு கரண்டியும் ஒரே வெள்ளி வட்டமாகிவிட்டது. இன்விடேஷன், இனிஷியல், எல்லாம் மறந்துபோய்த் தொண்டை கிழியக் கத்தினேன்:

"சார்! கச்சான் வந்துட்டு!"

எங்கள் பக்கத்தில் 'வந்துட்டு' என்றால் வந்துவிட்டது. அவ்வளவுதான், முற்றுப்புள்ளி. வேலூர்ப் பக்கம் 'வந்துட்டு' என்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை, வந்துவிட்டு வேறு ஏதோ செய்திருக்கிறான்.

"வந்துட்டு?" என்றார் சார் பதறிப்போய். "வந்துட்டு எங்கடா போனான்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்து, காற்றையும் மீறிக் கூப்பிட்டார்: "கச்சான்! மேல வாப்பா! நான் இருக்கேன், பயப்படாத, மேல வா!"

முதல் கரண்டி அப்போது கழன்றது. மேஜையைத் தாண்டி, எக்ஸ்டர்னலின் தலைக்கு மேலே விசில் அடித்துக்கொண்டு போய்க் கேண்டீன் வாசலில் விழுந்தது. (கேண்டீன் மாஸ்டர் அதைக் கழுவி சாம்பாரில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. திருப்பிக் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.) இரண்டாவது கரண்டி வோல்ட் மீட்டரை நொறுக்கியது. மூன்றாவது எந்தத் திசையில் போனது என்று இன்றுவரை தெரியாது. பெயர்ப் பட்டியல், புராக்ரஸ் தாள்கள், எங்கள் ரிப்போர்ட் எல்லாம் ஒரு கூட்டமாக எழும்பிக் கிழக்கே கடலைப் பார்த்துப் போயின. நாலாவது கரண்டி மட்டும் தனியாக, தடக் தடக்கென்று, போதை ஏறினவன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. எக்ஸ்டர்னல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சார் திரும்பி வந்தார். "கீழ யாருமே இல்லியே."

எக்ஸ்டர்னல் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பணிவாகவே சொன்னார். "சார், இங்கன கச்சான்னா மேக்காத்து. காத்தோட பேரு சார். அதுதான் இப்பம் வந்திருக்கு."

ஏழுமலை சார் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பொட்டலத்தின் செய்தித்தாள் காற்றில் படபடத்தது.

"அப்போ நைனா இல்லேன்னது?"

"காத்துக்கு ஏது சார்..." என்று தொடங்கிய சிவபெருமாள் மீதியை விழுங்கிவிட்டான்.

"ஒரு பொய்யாவது சொன்னீங்களாடா?"

"இல்ல சார்" என்றேன்.

"அதான்டா ஆத்திரமா வருது. பொய் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்."

அடித்திருக்கலாம். அந்தக் கரண்டிகளோடு நானும் பறந்து போயிருக்கக் கூடாதா என்று நின்றேன். அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

எக்ஸ்டர்னல் டைனமோவை இரண்டு விரலால் திருகிப் பார்த்துவிட்டு, "இதக் கழட்டிட்டு இலேசா ஒண்ணு வச்சிருந்தா சித்திரையிலேயே சுத்தியிருக்குமேலே" என்றார். பிறகு சாரிடம், "மார்க்கு உங்க இஷ்டம்" என்று விட்டுவிட்டார்.

சார் புதுத் தாள் ஒன்றை எடுத்து, காற்றில் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு எழுதினார். எங்கள் மூன்று பேருக்கும் அக்டோபரில் திரும்பவும் வர வேண்டும். ஏ. கச்சானுக்கு நூற்றுக்கு நூறு. "இந்த டீம்ல வேலை செஞ்சவன் அவன் ஒருத்தன்தான்" என்றார். ஆபீஸில் அந்த வரியை அடித்துவிட்டார்கள். ஆனால் எங்களை அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள், பெயிலாக. பொட்டலத்தை சார் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். எங்களில் ஒருவனிடம் கொடுத்திருந்தால் அவமானத்திலேயே செத்திருப்போம்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. என் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தார். "அச்சுல பிழை இருந்தா திருத்தணும். போ."

போனேன். நாசரேத்தில், சாத்தான்குளத்தில், அழைப்பிதழ் போயிருந்த ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி, அந்தக் கார்டைத் திருப்பி வாங்கி, என் பெயருக்குப் பக்கத்திலிருந்த D.M.E.-யை நானே அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். சும்மா அடித்துவிட்டு வரச் சித்திமார்களும் பெரியம்மாமார்களும் விடுவார்களா? "ஏன்டே அழிக்க?" என்று கேட்டு, காப்பி கொடுத்து, முழுக் கதையையும் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். பாதி ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் கதை எனக்கு முன்னால் போக ஆரம்பித்துவிட்டது. கடைசி வீடுகளில் பேனாவை நீட்டியதுமே சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மட்டும் கல்யாணத்தன்று கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்.

"தம்பி பேருகிட்ட என்னமோ அழிச்சிருக்கே வாத்தியாரே?"

"அது காத்துல போயிட்டு" என்றார் அப்பா, முகம் மாறாமல்.

அடித்துத் திருத்திய அழைப்பிதழ் ஒன்றை ஏழுமலை சாருக்கும் நான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். வர மாட்டார் என்றே நினைத்தேன். கல்யாணத்தன்று மதியம் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். பந்தியில் உட்கார வைத்து, நானே இலை போட்டேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. யாரோ ஒருவர் அதில் உட்கார வந்தார். சார் கையை நீட்டித் தடுத்தார்.

"இங்க ஆள் வருது."

"யாரு சார்?"

"கச்சான்" என்றார். அதே பெரிய குரல். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. "நம்ம புள்ளைதான். தூரத்துல இருந்து வரணும்."

பந்தி முழுக்கச் சிரித்தது. நான் ரசவாளியோடு சமையல்கட்டுக்குள் ஓடிப்போய் அழுதேன். அக்டோபரில் இலேசான டைனமோவோடு திரும்பப் போய் மூன்று பேரும் பாஸானோம். புராக்ரஸ் கேட்டவர் சாரேதான். காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கருவியைப் பற்றி மட்டும் பேசினார்.

அக்கா கல்யாணத்தன்று தொடங்கியது, எங்கள் குடும்பத்து எந்தப் பந்தியிலும் ஓர் இலை கச்சானுக்கு. யாரும் சொல்லி வைத்ததில்லை, அக்காவின் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் வரை தானாக நடக்கிறது. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து கேட்டரிங்காரர்கள் வந்திருந்தார்கள். டை கட்டிய சூப்பர்வைசர் ஒருவர் எங்கள் வரிசையில் காலி நாற்காலியைப் பார்த்து நின்றார்.

"இந்த சீட்டுக்கு யாராவது இருக்காங்களா சார்?"

"கச்சான் வாரான்" என்றான் அக்காவின் பேரன், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

"சார் வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?"

கிரேஸ் அக்காவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பொய் சொல்லுவது அவளுக்கும் ஆகாது. சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"எத வச்சாலும் தூக்கிட்டுப் போயிருவான் தம்பி. நீங்க வையுங்க."

அவர் இலை போட்டு, பிரியாணி வைத்து, தண்ணீர் பாட்டிலையும் திறந்து வைத்துவிட்டு, "சார் வந்ததும் சொல்லுங்க, முட்டை சூடா கொண்டு வரேன்" என்று போனார்.